லினக்ஸ் ஏற்றிய எக்ஸ்பாக்ஸ்: வீட்டு நெட்வொர்க்கில் இணைக்க எந்த வழி ஏற்றது?

2001-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் விளையாட்டுப் பெட்டியான முதல் எக்ஸ்பாக்ஸின் உள்ளே இருப்பது 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் செயலியும் 64 மெகாபைட் நினைவகமும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்ட ஒரு சிறு கணினிதான். அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிய பிறகு, வீட்டிலுள்ள மற்றக் கணினிகளோடு அதை இணைக்கப் பல வழிகள் உண்டு. எல்லாம் ஒன்றுபோல் பயன் தருபவை அல்ல.

எளியது, கணினியிலிருந்து நேராக ஒரு கேபிள். ஜிகாபிட் போர்ட் உள்ள கணினிக்குச் சாதாரண கேபிளே போதும். பழைய நெட்வொர்க் கார்டு என்றால் கிராஸ்ஓவர் கேபிள் (அனுப்பும், பெறும் கம்பிகள் இடம் மாற்றப்பட்டது) வேண்டும். ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கருவியைக் குறிக்கும் எண்) வழங்க யாரும் இல்லாததால் கணினிக்கு 192.168.0.1, பெட்டிக்கு 192.168.0.2 என்று நாமே எழுதிவிட வேண்டும். ஆனால் பெட்டிக்கு இணையம் தேவைப்படும்போதெல்லாம் அந்தக் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், நிரந்தர ஏற்பாடாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரவுட்டரில் செருகினால் முகவரி தானாகவே வந்துவிடும். பெட்டியின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கருவிக்கு உரிய வன்பொருள் எண்) ஒரு நிலையான ஐபியை ரவுட்டரிலேயே ஒதுக்கி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் முகவரி மாறும்போதெல்லாம் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்க நேரும்.

கம்பியில்லா இணைப்பை விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்ட்ரோலர் செருகும் போர்ட்டுகள் உருவம் மாற்றப்பட்ட யுஎஸ்பி 1.1 போர்ட்டுகளே, அவற்றின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். பின்புறத்து ஈதர்நெட் போர்ட்டோ 100 மெகாபிட். 700 மெகாபைட் கோப்பு ஒன்று கேபிள் வழியே ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வந்து சேரும். யுஎஸ்பி வைஃபை டாங்கிளில் பத்து நிமிடத்துக்கும் மேலாகும். அதோடு, லினக்ஸின் பழைய கர்னலுக்கு (மையப் பகுதி) ஏற்ற டிரைவரை, அதாவது டாங்கிளை இயக்கும் மென்பொருளை, தேடும் வேலையும் சேர்ந்துகொள்ளும். ஈதர்நெட் போர்ட்டில் ஒரு வைஃபை பிரிட்ஜை (வைஃபையை ஈதர்நெட்டாக மாற்றித் தரும் சிறு கருவி) செருகினால் இந்தத் தொல்லைகள் இல்லை: கடவுச்சொல், குறியாக்கம் எல்லாவற்றையும் பிரிட்ஜ் பார்த்துக்கொள்ளும், பெட்டியைப் பொறுத்தவரை அது வெறும் கேபிள்தான். கேபிள் இழுக்க வழியே இல்லாத வீட்டுக்கு இதுவே சரி.

கோப்புப் பகிர்வில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் கணினி உள்ள வீட்டில் முதலில் நினைவுக்கு வருவது, விண்டோஸின் எஸ்எம்பி முறையில் லினக்ஸிலிருந்து கோப்புகளைப் பகிரும் சாம்பா மென்பொருள். ஆனால் பழைய லினக்ஸ் பதிப்புகளுக்குத் தெரிந்தது அந்த முறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டுமே. 2019-இல் வந்த சாம்பா 4.11 முதல் அது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. பழைய பெட்டிக்காக அதைத் திரும்பத் திறப்பது பாதுகாப்புக்கு உகந்ததல்ல. தொலைவிலிருந்து குறியாக்கத்தோடு கட்டளை கொடுக்கவும் கோப்பு அனுப்பவும் உதவும் எஸ்எஸ்எச் பாதுகாப்பானது; ஆயினும் குறியாக்கத்தின் சுமை இந்தச் செயலியை மூச்சுத்திணற வைக்கும் என்பதால், கட்டளை கொடுக்க அதையும் கோப்புக்கு வேறொன்றையும் வைத்துக்கொள்வதே மேல்.

மறுமுனையிலும் லினக்ஸ் இருந்தால் என் தேர்வு, லினக்ஸ் கணினிகளுக்கிடையே கோப்பு பகிரும் முறையான என்எஃப்எஸ். மவுன்ட் செய்யும்போது, அதாவது மறுமுனைக் கோப்புறையைப் பெட்டியில் இணைக்கும்போது, என்எஃப்எஸ் பதிப்பு 3, தரவு அனுப்பும் முறையான டிசிபி இரண்டையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். பழைய மவுன்ட் கட்டளை யுடிபி என்ற வேறு அனுப்பும் முறையை நாடும், புதிய சர்வர்களோ பொதுவாக அதை ஏற்பதில்லை. மவுன்ட் ஆன பிறகும் எழுத அனுமதி மறுக்கப்பட்டால், கோப்புப் பட்டியலில் உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் எண் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால் இரு பக்கத்துப் பயனர் எண்களும் பொருந்தவில்லை என்று பொருள். அவற்றை ஒன்றாக்கினால் எழுத வரும்.

எந்த வழியில் இணைத்தாலும் லினக்ஸோடு வந்த ரூட் (முழு அதிகாரம் கொண்ட பயனர்) கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். வெளியிலிருந்து இந்தப் பெட்டிக்கு ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் திறந்துவிடாதீர்கள்.