ட்ராய் மேட்டுக்கு ஒருநாள் சுற்றுலாவில் செல்ல நினைப்போர் கவனத்திற்கு

துருக்கியின் சானக்கலே மாகாணத்தில், ஹிசார்லிக் மேட்டில் இருக்கும் பழைய ட்ராயை, அதாவது கிரேக்கர் படையெடுத்து வந்ததாகக் கதைகள் சொல்லும் ட்ரோஜன் போரின் நகரைக் காண, இஸ்தான்புல்லில் ஒரு சுற்றுலா முகவரிடம் முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தியிருந்தோம். உரிமம் பெற்ற வழிகாட்டி, மேட்டை நிதானமாகச் சுற்றிப் பார்க்க அவகாசம், அருங்காட்சியக நுழைவு ஆகிய மூன்றையும் உறுதியளித்தவர்கள் மூன்றில் ஒன்றையும் தரவில்லை.

எங்களை அழைத்துச் சென்றவர் வண்டியோட்டி மட்டுமே. துருக்கியில் வழிகாட்டிகளுக்கு அரசு உரிம அட்டை உண்டு. அவரிடம் அது இல்லை. போகும் தொலைவு மட்டுமே 300 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் வந்து சேரவே நண்பகல் கடந்துவிட்டது. எஞ்சிய நேரத்திலும் பெரும்பகுதி, கிரேக்கர் ஒளிந்திருந்து நகருக்குள் நுழைந்ததாகக் கதை சொல்லும் குதிரையின் நினைவாக 1970களில் செய்துவைத்த மரக்குதிரையின் முன் படம் எடுப்பதில் கழிந்தது.

அங்கே காண வேண்டியது குதிரையை அன்று. மண்செங்கல் வீடுகள் இடிந்தும் எரிந்தும் போக, அந்த இடிபாட்டையே சமன்செய்து அடுத்த தலைமுறைகள் கட்டிக்கொண்டே வந்ததால், ஏறத்தாழ கி.மு. 3000 முதல் ரோமானியர் காலம் வரையிலான ஒன்பது முதன்மை அடுக்குகள் அந்த மேட்டில் அடங்கியுள்ளன. பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடிய நகரம் அடியில்தான் இருக்கும் என்று நம்பிய ஜெர்மானிய அகழ்வாளர் ஷ்லீமன், 1870களில் மேட்டின் குறுக்கே பெரும் பள்ளம் வெட்டி மேலடுக்குகள் பலவற்றை அழித்தார். கதையில் ட்ராயை ஆண்ட பிரியாம் மன்னனின் புதையல் என்று அவர் அறிவித்த பொன்நகைகளோ, ட்ரோஜன் போர் நடந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளேனும் முந்தியவை. அதே பள்ளத்தைக் காட்டி, கிரேக்கர் நகருக்குள் நுழைய வெட்டிய வழி என்று அந்த வண்டியோட்டி கூறினார். உடன்வந்த பிள்ளைகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது, இழந்த பணத்தைவிட என்னை வருத்தியது.

தெவ்ஃபிக்கியே கிராமத்தில் 2018இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கு நேரமில்லை என்றவர், ஒரு கடைக்கு மட்டும் நேரம் ஒதுக்கினார். மேட்டில் கிடைத்தவை என்று பானை ஓடுகளையும் நாணயங்களையும் அங்கே விற்றார்கள். அவற்றைத் தொடவே வேண்டாம்: போலியென்றால் பணம் வீண்; உண்மையானவை என்றால், 2863ஆம் எண் சட்டப்படி தொல்பொருட்கள் அரசின் உடைமை என்பதால், நாட்டைவிட்டு எடுத்துச் செல்பவர் சிறைக்குப் போக நேரிடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, நிகழ்ச்சிநிரல் மாறுதலுக்கு உட்பட்டது என்ற ஒருவரி மறுமொழிதான் வந்தது. ட்ராய்க்குப் போகிறவர்கள் சானக்கலே நகரில் ஓர் இரவு தங்கிக் காலையிலேயே மேட்டுக்குச் செல்லுங்கள். வழிகாட்டி வேண்டுமென்றால், அவருடைய உரிம எண்ணையும் மேட்டில் செலவிடும் நேரத்தையும் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.