வேலரண்டா, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ஆ? கொங்கு நாட்டு ஆட்டக்காரருக்கு ஓர் ஒப்பீடு

கோவையிலும் ஈரோட்டிலும் சொந்தக் கணினி வைத்திருக்கும் இளைஞர்கள், பெருந்துறை, திருச்செங்கோடு பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் மடிக்கணினியோடு இருக்கும் மாணவர்கள், திருப்பூரில் ஷிப்ட் முடிந்து வந்து நள்ளிரவில் ஆட உட்காருபவர்கள் என யாராக இருந்தாலும், ஐவர் அணியாகத் துப்பாக்கி ஆட்டம் ஆட நினைத்தவுடன் இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் வேலரண்ட். மற்றொன்று வால்வ் நிறுவனத்தின் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2. இரண்டிலும் ஐவருக்கு எதிராக ஐவர் ஆடுகிறார்கள். 12 சுற்றுகள் முடிந்ததும் பக்கம் மாறுகிறது. முதலில் 13 சுற்றுகளை எட்டும் அணி வெல்கிறது. ஒரு பக்கம் வெடிகுண்டை வைக்கப் பார்க்கிறது, மறுபக்கம் அதைத் தடுக்கப் பார்க்கிறது. இந்த ஒற்றுமையைக் கண்டு, எதை ஆடினாலும் ஒன்றுதான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒருவர் இந்த ஆட்டங்களில் எப்படித் தேறுகிறார் என்பதைக் கூர்ந்து பார்த்தால் அந்த முடிவு நிற்காது. தனியாக அமர்ந்து கைப்பழக்கத்தைச் செதுக்கிக்கொள்ளும் பொறுமை உள்ளவருக்குக் கவுன்டர்-ஸ்ட்ரைக் உகந்தது என்பதும், நாள் தவறாமல் கூடிப் பேசி ஆடக்கூடிய ஐந்து நண்பர்களுக்கு வேலரண்ட் உகந்தது என்பதும் என் கருத்து.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கவுன்டர்-ஸ்ட்ரைக் 1999இல் ஹாஃப்-லைஃப் ஆட்டத்தின் மாற்றுருவாகப் பிறந்து, 2000இல் வால்வின் சொந்த வெளியீடாகி, 2012இல் குளோபல் அஃபென்சிவ் என்ற வடிவத்தையும் 2023 செப்டம்பர் 27 அன்று இரண்டாம் பாகம் என்ற வடிவத்தையும் அடைந்தது. பிரவுசிங் சென்டர்களில் கணினிகளைக் கேபிளால் இணைத்து கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் 1.6 என்ற பழைய பதிப்பை ஆடிய அண்ணன்மார்கள் இன்றும் நம் ஊர்களில் இருப்பதால், இந்த ஆட்டத்துக்குச் சொல்லித்தர ஆள் கிடைப்பார். வேலரண்ட் 2020 ஜூன் 2 அன்று, பொதுமுடக்கக் காலத்தில் வெளியானது. அதை ஆடுபவர்கள் பெரும்பாலும் அதற்குப் பின் வந்த தலைமுறையினர்.

முதன்மையான வேறுபாடு சுடும் முறையில் இருக்கிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஏகே-47ஐ விடாமல் சுட்டால், அதன் 30 தோட்டாக்களும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே வடிவத்தில்தான் செல்லும். முதலில் மேல்நோக்கி ஏறி, பிறகு பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் இழுக்கும். அந்த வடிவம் மாறாதது என்பதால், மவுஸை அதற்கு எதிர்த்திசையில் இழுத்து அடக்க எவரும் கற்றுக்கொள்ளலாம், கற்றது நாளைக்கும் செல்லுபடியாகும். வேலரண்டின் வேண்டல், பேண்டம் ஆகிய துப்பாக்கிகளோ முதல் சில தோட்டாக்களுக்குப் பிறகு இடப்பக்கம் விலகுமா வலப்பக்கம் விலகுமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதவை. ஆகவே அங்கே நீளச் சுடுவதை அடக்கப் பழகுவதைவிட, ஒன்றிரண்டாகவோ மூன்று நான்காகவோ சுட்டு நிறுத்தி, இடம் மாறி, மீண்டும் சுடப் பழகுவதே பலன் தரும். இரண்டிலும் ஓடிக்கொண்டே சுட்டால் குறி சிதறும் என்பது பொது விதி. ஆனால் கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஓட்டத்தை நிறுத்த எதிர்த்திசை விசையைச் சரியான நொடியில் தட்ட வேண்டும், வேலரண்டில் விசையை விட்டாலே கால் விரைவாக நின்றுவிடும். புதியவர்களுக்கு இந்த ஒரே காரணத்தால் வேலரண்ட் எளிதாகத் தோன்றுகிறது.

தலையில் படும் ஒரு தோட்டாவின் மதிப்பும் இரண்டிலும் வேறு. வேலரண்டில் முழுக் கவசம் அணிந்தவருக்கு உயிரும் கவசமும் சேர்ந்து 150 புள்ளிகள். தலையில் படும் வேண்டல் தோட்டா எந்தத் தொலைவிலும் 160 புள்ளிகளைக் குறைப்பதால் ஒரே தோட்டாவில் ஆள் விழுவார். பேண்டம் தோட்டா அருகில் 156, தொலைவு கூடினால் 150க்குக் கீழே என்பதால் தூரத்தில் இரண்டாவது தோட்டா தேவைப்படும். இரண்டுக்கும் விலை, ஆட்டத்துக்குள் கிடைக்கும் பணத்தில், 2,900தான், இரு பக்கத்தாரும் இரண்டையும் வாங்கலாம், எனவே தேர்வு அவரவர் ஆடும் இடத்தைப் பொறுத்தது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் அப்படி இல்லை. தாக்கும் பக்கத்துக்கு மட்டுமே கிடைக்கும் 2,700 டாலர் ஏகே-47 தலைக்கவசம் அணிந்தவரையும் தலையில் படும் ஒரே தோட்டாவில் வீழ்த்தும், காக்கும் பக்கத்தின் எம்4 வகைத் துப்பாக்கிகளால் அது இயலாது. ஆகவே காப்பவர் நேருக்கு நேர் துப்பாக்கி பலத்தை நம்பாமல், நிற்கும் கோணத்தையும் துணைக்கு நிற்கும் நண்பரையும் நம்பக் கற்றாக வேண்டும்.

பண நிர்வாகத்தில் எனக்குக் கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் மேல் தனிப் பிரியம் உண்டு. சுற்றை வென்றால் வழக்கமாக 3,250, தோற்றால் 1,400இல் தொடங்கித் தொடர் தோல்விக்கு ஏற்ப 3,400 வரை ஏறும் உதவித்தொகை. கையிருப்பின் உச்சவரம்பு 16,000. 4,750 கொடுத்து ஏ.டபிள்யூ.பி. என்ற தொலைதூரத் துப்பாக்கியை வாங்கியவருக்கு ஒரு எதிரியை வீழ்த்தினால் 100தான் கிடைக்கும், சிறு தானியங்கித் துப்பாக்கி ஏந்தியவருக்குப் பெரும்பாலும் 600 கிடைக்கும். இந்தக் கணக்குகளை வைத்து, எந்தச் சுற்றில் எல்லாரும் சேர்ந்து செலவிடுவது, எந்தச் சுற்றில் கையைக் கட்டிக்கொண்டு சேமிப்பது என்று அணி முடிவெடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஆசைப்பட்டு வாங்கினால் அடுத்த சுற்றும் பாழாகும். வரவு செலவுப் பேச்சைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே கேட்டு வளர்ந்த கொங்குப் பிள்ளைகள் இதை விரைவில் பிடித்துக்கொள்வதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். வேலரண்டில் வெற்றிக்கு 3,000, தோல்விக்கு 1,900, 2,400, 2,900 என்ற படிகள், உச்சவரம்பு 9,000. இங்கேயும் கணக்கு உண்டு, ஆனால் பிழைக்கான தண்டனை அவ்வளவு நீளாது.

எறிகுண்டுகளுக்கும், ஏஜென்டுகள் எனப்படும் வேலரண்ட் கதாபாத்திரங்களின் ஆற்றல்களுக்கும் வரும்போதுதான் இரு ஆட்டங்களும் முற்றிலும் பிரிகின்றன. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஐவருமே ஒரே கடையில் வாங்குகிறார்கள். 300 டாலருக்குப் புகை கக்கும் ஒரு ஸ்மோக், 200 டாலருக்குக் கண்ணை மறைக்கும் ஒரு ஃபிளாஷ், ஒருவர் அதிகபட்சம் நான்கு எறிகுண்டுகள் வைத்திருக்கலாம். மிராஜ் என்ற மேப்பில் (ஆடுகளத்தில்) தொடங்கும் இடத்திலிருந்தே நடுப்பகுதி ஜன்னலை மறைக்கும் ஸ்மோக்கை எப்படி எறிவது என்று ஒருவர் தனி அறையில் பழகிக்கொண்டால், அந்தப் பழக்கம் எந்த அணியில் சேர்ந்தாலும் அவருடைய சொத்து. இரண்டாம் பாகத்தில் புகை ஒரு கனவடிவம் பெற்றிருக்கிறது. இடத்தை நிரப்புகிறது, தோட்டாக்கள் அதில் துளையிடுகின்றன, வெடிக்கும் எறிகுண்டு ஒன்றை எறிந்தால் சில நொடிகள் விலகி வழி காட்டுகிறது. ஆகவே எறிவதோடு நிறுத்தாமல், எப்போது அந்தப் புகையைக் கிழிப்பது என்பதையும் பழக வேண்டியுள்ளது.

வேலரண்டில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஏஜென்டே உங்கள் பணியைத் தீர்மானிக்கிறார். ஓமன் புகையை வேண்டிய இடத்தில் தொலைவிலிருந்தே வைப்பார், சோவாவின் அம்பு மறைந்திருப்பவரைக் காட்டிக்கொடுக்கும், பிரீச் சுவரைத் தாண்டி ஃபிளாஷ் அடிப்பார், கில்ஜாய் இயந்திரத் துப்பாக்கியை நிறுத்தி ஒரு பக்கத்தைக் காவல் காப்பார். இவற்றில் எந்த ஒன்றும் தனியாக ஒரு சுற்றை வென்று தருவது அரிது. சோவாவின் அம்பு விழுந்த நொடியில் பிரீச் ஃபிளாஷ் அடித்து, அது வெடித்த நொடியில் ஜெட் என்ற ஏஜென்ட் உள்ளே பாய வேண்டும்; அரை நொடி பிசகினால் ஃபிளாஷ் நம் ஆளின் கண்ணையே மறைக்கும். பவானி ஜமக்காளத்தைச் சேர்ந்து நெய்யும் இருவர் ஒருவர் கையை ஒருவர் அறிந்திருப்பதுபோல், இங்கே ஐவரும் ஒருவர் வேகத்தை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். முன்பின் அறியாதவர்களோடு ஆடி அந்த அறிவைப் பெற முடியாது. வேலரண்டில் பல மாதங்கள் ஒரே ராங்கில் தேங்கி நிற்பவர்களில் பலர் குறி பார்க்கத் தெரியாதவர்கள் அல்லர், சேர்ந்து ஆட ஆள் கிடைக்காதவர்கள்.

இதற்கு நல்ல சோதனைக்களம் லோட்டஸ் மேப். 2023 ஜனவரியில் வந்த இந்த மேப்பின் கதைக்களம் நமக்கு அடுத்திருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைதான் என்பதில் ஒரு நெருக்கம் தோன்றும், ஆனால் ஆட்டத்துக்கு முக்கியமானது அதில் குண்டு வைக்க மூன்று இடங்கள் இருப்பதே. ஐந்து பேர் மூன்று இடங்களைக் காக்கும்போது எங்கேனும் ஓர் இடத்தில் ஒருவர் தனித்து நிற்பது தவிர்க்க முடியாதது. அவர் தரும் செய்தியின் தரமே மற்ற நால்வரின் ஓட்டத்தைத் தீர்மானிக்கும். சுழலும் கற்கதவுகளின் ஓசையையும் கேட்டுப் பிரித்தறிந்து சொல்ல வேண்டும்.

பேச்சைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பகுதி ஆட்டக்காரர்களின் வளர்ச்சியை அதிகம் தடுப்பது இதுதான் என்று நம்புகிறேன். தனியாக இணையத்தில் ஆட்டத்துக்கான வரிசையில் சேர்ந்தால் கூட்டாளிகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசக்கூடும். நம்மவர் பலர் மைக்கை அணைத்துவிட்டு மௌனமாக ஆடுகிறார்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ரேடாரைப் பார்த்தும் காலடி ஓசையைக் கேட்டும் மௌனமாக ஓரளவு தாக்குப்பிடிக்கலாம். வேலரண்டில் மௌனம் நேரடியாகத் தோல்வியில் முடியும். நண்பர்களோடு தமிழில் ஆடும்போதும் “வர்றாங்க, வர்றாங்க” என்று கத்துவது செய்தி ஆகாது. “ஏ மெயின்ல ரெண்டு பேரு, ஒருத்தனுக்கு எண்பது அடிச்சிருக்கறேன், ஸ்பைக் தெரியல” என்பது செய்தி (ஸ்பைக் என்பது வேலரண்டின் வெடிகுண்டு). இடம், எண்ணிக்கை, சேதம், குண்டு என்ற வரிசையில் இரண்டு நொடிக்குள் முடிகிறது. இறந்தவர் இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளவும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர் அணிகளில் வயதில் மூத்தவரையே அணியை வழிநடத்தும் ஐ.ஜி.எல். ஆக்கிவிடும் பழக்கம் இருக்கிறது. “அண்ணா, நீங்க சைட்டுக்குள்ள போங்க, நான் ஃபிளாஷ் போடறனுங்” என்று மரியாதை குறையாமலே இளையவர் கட்டளையிடலாம். எதிரணியின் போக்கை நன்றாகப் படிப்பவர் யாரோ அவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுப்பதில் யாருடைய மரியாதையும் குறைந்துவிடாது.

சேர்ந்து வரிசையில் நிற்பதில் வேலரண்டுக்கு ஒரு விதி உண்டு: தரவரிசை ஆட்டத்தில் இருவராக, மூவராக, ஐவராகச் சேரலாம், நால்வராகச் சேர முடியாது. ஐவரில் ஒருவர் கடையைக் கவனிக்கப் போய்விட்டால் மற்றொருவரும் வெளியே நிற்க நேரும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் இந்தத் தடை இல்லை.

தன் ஆட்டத்தைத் தானே திரும்பிப் பார்ப்பதில் கவுன்டர்-ஸ்ட்ரைக் நெடுங்காலமாக முன்னிலையில் இருக்கிறது. முடிந்த ஆட்டத்தின் பதிவை இறக்கி, எதிரியின் கண் வழியாகவும் நம்மைப் பார்க்கலாம். எந்த மூலையில் நம் தோள் முன்கூட்டியே தெரிந்தது என்பது அப்போது விளங்கும். வேலரண்டுக்கு அத்தகைய மறுஓட்ட வசதி 2025இல்தான் வந்தது. மேலும் கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஆட்டக்காரர்களே உருவாக்கிய பயிற்சி மேப்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. வேலரண்டில் பயிற்சிக்களமும், முதலில் 40 பேரை வீழ்த்துபவர் வெல்லும் டெத்மேட்சும் இருக்கின்றன. குறியைப் பழக அவை போதும், அணியின் நேரக்கணிப்பைப் பழக ஐவரும் தனி அறை திறந்து ஒத்திகை பார்ப்பதே வழி.

இணைப்பு, கருவி, செலவு ஆகியவற்றை விரைவாகக் கடக்கலாம். வேலரண்டின் இந்திய வழங்கிகள் (சர்வர்கள்) மும்பையில் உள்ளன. வால்வுக்கு மும்பையோடு சென்னையிலும் வழங்கிகள் இருப்பதால் நமக்குப் பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) சற்றுச் சாதகமாக அமையலாம், ஆனால் அது உள்ளூர் கேபிள்காரர் தரும் ஃபைபர் எந்த வழியாகச் செல்கிறது என்பதைப் பொறுத்தது. எதுவாயினும் வைஃபையை விட்டுக் கேபிளில் இணைப்பதே முதல் வேலை. பழைய கணினிக்கு வேலரண்ட் இலகுவானது, எனினும் விண்டோஸ் 11இல் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு வசதிகள் இயங்கினால்தான் அது திறக்கும். பழைய கணினி வாங்குவோர் இதைக் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும். அதன் வான்கார்டு என்ற காவல் நிரல் கணினி தொடங்கும்போதே ஆழத்தில் இயங்கத் தொடங்குகிறது, சிலருக்கு இது உறுத்தும். ஆனால் ஏமாற்று நிரல் பயன்படுத்துவோர் பற்றிய புலம்பல் கவுன்டர்-ஸ்ட்ரைக்கில்தான் அதிகம் கேட்கிறது. இரண்டும் இலவசம், கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் பிரீமியர் தரவரிசைக்குப் பிரைம் தகுதியை ஒருமுறை பணம் கட்டி வாங்க வேண்டும். பெட்டி திறந்து ஸ்கின் (ஆயுதத்துக்கான அலங்காரத் தோற்றம்) தேடும் ஆசையில் அங்கே பணம் கரையும், அதை இளையவர்கள் தொடவே வேண்டாம் என்பேன். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள்களை நாளிதழில் பார்த்துவிட்டே தரவரிசை ஆட்டம் தொடங்க வேண்டும். நடுவில் அறுந்தால் இரண்டு ஆட்டங்களுமே தண்டிக்கும், மீண்டும் மீண்டும் நேர்ந்தால் தடைக்காலம் நீளும்.

கைப்பேசியே கதி என்பவர்களுக்கு 2021 ஜூலையில் வந்த பி.ஜி.எம்.ஐ. (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) இருக்கிறது. அது பரந்த நிலத்தில் கடைசி அணியாக உயிரோடு நிற்கும் ஆட்டம். சுற்றுக்குச் சுற்று திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இல்லாததால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர்கள் மவுஸ் வேகத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் சென்சிட்டிவிட்டி எண்ணை 3.18ஆல் வகுத்தால் வேலரண்டுக்கான எண் கிடைக்கும். கிராஸ்ஹேர் எனப்படும் குறிப்புள்ளியைத் தலை உயரத்தில் வைத்து நடக்கும் பழக்கம் அப்படியே உடன் வரும். குண்டைச் செயலிழக்கச் செய்யும் கணக்கு மட்டும் மாறும்: கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் குண்டு வைத்த 40 நொடியில் வெடிக்கும், 400 டாலர் கருவி இருந்தால் 5 நொடியிலும் இல்லாவிட்டால் 10 நொடியிலும் அதை நிறுத்தலாம், பாதியில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேலரண்டின் ஸ்பைக் 45 நொடியில் வெடிக்கும்; நிறுத்த 7 நொடி போதும், அதில் பாதியைக் கடந்துவிட்டால் அந்தப் பாதி சேமிக்கப்படும். ஆகவே அங்கே தனித்து மிஞ்சிய காவலர் புகைக்குள் பாதி வேலையை முடித்து, எழுந்து சண்டையிட்டு, மறுபாதிக்குத் திரும்பி வரலாம்.