சூறாவளி மாதத்தில் உல்லாசக் கப்பல்: எந்தக் காப்புறுதி கைகொடுக்கும்?

ஃபுளோரிடாவில் இருக்கும் சகலை ஒரு நாள் இரவு வாட்ஸ்அப்பில் விளம்பரம் ஒன்றை அனுப்பினார். மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு ஐந்து இரவுக் கப்பல் பயணம், செப்டம்பர் இரண்டாம் வாரம். விலையோ டிசம்பரில் கேட்பதில் பாதிகூட இல்லை. பிள்ளைகளின் செப்டம்பர் விடுமுறையோடு நாளும் பொருந்திவந்தது. "இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் மனைவி. எனக்கு மட்டும் அந்த மலிவு உறுத்திக்கொண்டே இருந்தது.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30 வரை நீடிக்கிறது. அதன் உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. நம் சிங்கப்பூர்ப் பள்ளி அட்டவணையை எடுத்து அதன் மேல் வைத்துப் பாருங்கள்: ஜூன் விடுமுறை பருவத்தின் வாசலில் நிற்கிறது, செப்டம்பர் விடுமுறை நட்டநடுவில், ஆண்டிறுதி விடுமுறையின் தொடக்கம் வால்பகுதியில். சிங்கப்பூரில் வளர்ந்த நமக்குப் புயல் பயம் பழக்கமில்லாத ஒன்று. 2001 டிசம்பரில் வாமெய் புயல் பூமத்திய ரேகைக்கு ஒன்றரை பாகைக்குள் உருவாகி, பக்கத்து ஜொகூரில் கரையேறியதைத் தவிர நம் வாசலுக்கு எதுவும் வந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, பயணக் காப்புறுதி வாங்கும்போது மருத்துவச் செலவுக்கு எவ்வளவு, எது மலிவு என்று இரண்டை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், ஜப்பான் பக்கம் போன ஒரு கப்பல் பயணம்வரை.

அந்தப் பயணத்தில் கப்பல் ஒக்கினாவாவில் நின்றிருக்க வேண்டும். சூறாவளி ஒன்று குறுக்கே வந்ததால் கப்பல் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கரையில் சுற்றிப் பார்க்க நாங்களே தனியாக ஏற்பாடு செய்திருந்த வேனுக்குக் கட்டிய காசு போச்சு. திரும்பி வந்து இழப்பீடு கேட்டேன். என் திட்டத்தில் "பயணத் தாமதம்" இருந்தது, "பயணத் தடங்கல்" இருந்தது. பதில் ஒரே வரியில் வந்தது: கப்பல் தாமதமாகவில்லை, பயணம் தடைபடவும் இல்லை, வழிதான் மாறியது. கோபம் வந்தாலும், விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் படித்தபோது அவர்கள் சொன்னதில் தப்பில்லை என்று தெரிந்தது. தப்பு நான் வாங்கிய விதத்தில்.

அதனால் இந்த முறை விலையை வைத்து ஒப்பிடாமல், புயல் என்னென்ன செய்யும் என்று எழுதிவைத்துக்கொண்டு ஒப்பிட்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கப்பல் புயலில் மாட்டுவது அரிது. உல்லாசக் கப்பல் மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அந்தப் பக்கத்துச் சூறாவளிகள் பெரும்பாலும் அதைவிட மெதுவாகவே நகரும். மயாமியில் இருக்கும் தேசியச் சூறாவளி மையம் புயலின் பாதையை ஐந்து நாள் முன்னதாகவே கணித்துச் சொல்கிறது. கேப்டன் ஒதுங்கிப் போய்விடுவார். அடி வாங்குவது நம் அட்டவணைதான். கப்பல் கிளம்பவே கிளம்பாமல் போகலாம். கிழக்குத் தீவுகளுக்குப் போக வேண்டியது மேற்கே மெக்சிகோ பக்கம் திரும்பலாம். துறைமுகம் மூடியிருப்பதால் திரும்பி வருவது இரண்டு நாள் தள்ளிப்போகலாம். அல்லது கப்பலுக்கு ஒன்றும் ஆகாமல், விமானம் ரத்தாகி நாம் போய்ச்சேர முடியாமல் போகலாம். 2024 அக்டோபரில் வந்த மில்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 5-இல் பெயர் வைத்தார்கள். 9-ஆம் தேதி இரவு ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் ஏறிவிட்டது. தம்பா, ஆர்லாண்டோ விமான நிலையங்களும் கெனாவரல் துறைமுகமும் மூடிக்கிடந்தன. பெயர் வைத்ததிலிருந்து நான்கே நாள். இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

அடுத்து, நம் காசு எங்கே இருக்கிறது? அமெரிக்கர்கள் எழுதும் அறிவுரைகளைப் படித்தால் எல்லாமே கப்பல் கட்டணத்தைச் சுற்றியே இருக்கும். அவர்கள் காரில் துறைமுகத்துக்குப் போகிறவர்கள். நமக்குச் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்குக்கே 18 மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து இன்னொரு விமானம். ஒரு கணக்குக்கு, ஆளுக்குக் கப்பலுக்கு 800 சிங்கப்பூர் வெள்ளி, விமானத்துக்கு 2,200 வெள்ளி, முன்னும் பின்னும் ஹோட்டலுக்கு 300 என்று வைத்துக்கொள்வோம். கப்பல் நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் அந்த 800 திரும்பி வந்துவிடும். மீதி 2,500 அந்தரத்தில் தொங்கும். வழி மாறினால் இன்னும் மோசம். எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிட்டுப் போகத் தங்களுக்கு உரிமை உண்டு என்று பயணச்சீட்டு ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். போகாத துறைமுகத்தின் வரியை மட்டும் கணக்கில் திருப்பிப் போடுவார்கள்.

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் போட்டியில் இருக்கும் திட்டங்களின் முகமே மாறிவிடுகிறது.

கப்பல் நிறுவனம் முன்பதிவின்போது "இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று நீட்டும் திட்டத்தைத்தான் சகலை பரிந்துரைத்தார். அவருக்கு அது சரி. முன்பதிவோடு ஒட்டியே வரும், வயதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, மனசு மாறி ரத்து செய்தாலும் கட்டணத்தின் பெரும்பகுதியை அடுத்த பயணத்துக்கான வரவாகத் தருகிற திட்டங்களும் உண்டு. நமக்கு மூன்று இடத்தில் உதைக்கிறது. இவை பெரும்பாலும் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கென எழுதப்பட்டவை. மருத்துவத்துக்கான வரம்பு பல திட்டங்களில் பத்தாயிரம், இருபத்தைந்தாயிரம் அமெரிக்க டாலர் என்ற அளவில்தான்; அமெரிக்க மருத்துவமனையில் அது எத்தனை நாளுக்குக் காணும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: அது காப்பது கப்பலிடம் வாங்கியதை. சாங்கியில் ஏறும் விமானத்தை நாமே தனியாகப் போட்டிருந்தால் அது அவர்கள் கணக்கில் வராது. 800 வெள்ளிக்குக் குடை பிடித்துவிட்டு 2,500 வெள்ளியை மழையில் விடுவதுபோல.

கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் காப்புறுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழுப் பயணக் கட்டணத்தையும் அந்த அட்டையிலேயே கட்டியிருக்க வேண்டும். சில வங்கிகளில் முன்கூட்டியே பதிந்துகொள்ளவும் வேண்டும். கிடைப்பது முதன்மையாக விபத்து மரணத்துக்கும் ஊனத்துக்குமான தொகை. புயலுக்கு அதை நம்பிப் போவது, வேப்பமரத்தடியில் ஆரஞ்சு பொறுக்கப் போவது மாதிரி.

உண்மையான போட்டி ஆண்டுத் திட்டத்துக்கும் ஒற்றைப் பயணத் திட்டத்துக்கும்தான்.

ஆண்டுத் திட்டத்தின் பலம் பலர் நினைப்பதுபோல விலை மட்டுமில்லை. வருடத்துக்கு இரண்டு முறை திருச்சி, ஒரு முறை பேங்காக் என்று போகிறவர்களுக்கு அது மலிவாக விழும், சரி. எனக்குப் பிடித்தது வேறு. பாதுகாப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மில்டனின் நான்கு நாள் கணக்கு இங்கேதான் வருகிறது. புயலுக்குப் பெயர் வைத்தபிறகு, அல்லது செய்தியில் வந்தபிறகு வாங்கும் காப்புறுதி அந்தப் புயலுக்குச் செல்லாது. "முன்பே தெரிந்த நிகழ்வு" என்று ஒதுக்கிவிடுவார்கள். இன்ன தேதிக்குப் பின் வாங்கியவர்களுக்கு இந்த நிகழ்வுக்கு இழப்பீடு இல்லை என்று நிறுவனங்கள் இணையத்தில் அறிவிப்பே போடுவதுண்டு. ஆண்டுத் திட்டம் வைத்திருப்பவர் புயலுக்கு முன்பே பயணத்தையும் பதிந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பெயர் வைத்தபிறகு பயணத்தைப் பதிந்தால் அவருக்கும் அதே விதிதான். அதன் பலவீனம், வட்டாரம். ஆசியாவுக்கு மட்டும் எடுத்திருந்தால் மயாமியில் அந்தத் தாள் பஜ்ஜி சுற்றத்தான் ஆகும். உலகம் முழுமைக்குமானதாக இருக்க வேண்டும், அப்போது விலை ஏறும். கப்பல் பயணத்துக்கென்று தனியாகக் காசு கட்டிச் சேர்க்கும் கூடுதல் பகுதியை ஆண்டுத் திட்டத்தில் சேர்க்க விடுகிறார்களா என்பதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஒற்றைப் பயணத் திட்டத்தில் அந்தக் கூடுதல் பகுதியைத் தேடி எடுப்பது சுலபம். "கப்பல் பாதுகாப்பு" என்று பெயர் போட்டிருந்தால் மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது கடைக்குக் கடை மாறும். நான் விதிமுறைப் புத்தகத்தில் தேடியது இவைதான். துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டால் அதற்கென்று தனித் தொகை உண்டா? கரையில் முன்பணம் கட்டிய சுற்றுலாவுக்கு இழப்பீடு உண்டா, அதுவும் கப்பலில் வாங்காமல் வெளியே வாங்கியிருந்தால்? விமானம் தாமதமாகிக் கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகம்வரை போய்ப் பிடிக்கும் செலவைத் தருவார்களா? "பொதுப் போக்குவரத்து" என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்தில் உல்லாசக் கப்பல் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியில் பல திட்டங்கள் விழுந்துவிட்டன. பேருந்து, ரயில், விமானம், ஃபெர்ரி எல்லாம் இருக்கும். உல்லாசக் கப்பல் இருக்காது, சில இடங்களில் வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கும். அப்படியானால் ஆறு மணி நேரத் தாமதத்துக்கு நூறு வெள்ளி என்பதுபோலத் தரும் தொகை கப்பலுக்குக் கிடையாது, விமானத்துக்கு மட்டும்தான்.

இன்னொன்று, பலர் கேட்காமல் விடுவது: கப்பல் இரண்டு நாள் தாமதமாகத் திரும்பினால் காப்புறுதியும் தானாக நீளுமா? பெரும்பாலான திட்டங்களில் நம் கையில் இல்லாத காரணத்தால் தாமதமானால் நீளும். எத்தனை நாள் என்பதுதான் வித்தியாசம்.

"பயமா இருக்கு, போக வேண்டாம்" என்று நாமே பின்வாங்கினால்? சாதாரணத் திட்டங்கள் எதிலும் பைசா வராது. வானிலை மையத்தின் வரைபடத்தில் புயல் நம் வழியைப் பார்த்து நின்றாலும் சரி, கப்பல் கிளம்புகிறது, விமானம் பறக்கிறது என்றால் நீங்கள் விரும்பி ரத்து செய்ததாகத்தான் அர்த்தம். எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் பரவலாக உண்டு. முன்பணம் கட்டி இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்க வேண்டும், புறப்பட 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்ய வேண்டும், செலவில் பாதி முதல் முக்கால்வாசிவரை வரும். அதுவும் அங்கே வசிப்பவர்களுக்குத்தான். இங்கே சில மேல்நிலைத் திட்டங்களில் பாதித் தொகை என்ற அளவில் ஒன்று வருகிறது. அந்தக் கூடுதல் விலை கொடுக்கத் தகுமா என்பது உங்கள் தூக்கத்தைப் பொறுத்தது. என் மனைவி வேண்டாம் என்றார். நான் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாக் கணக்கையும் கலைத்தது மாமியார். வயது 71, சர்க்கரை, ரத்த அழுத்தம். இது புயலுக்குச் சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும், ஆனால் கப்பலில் இதுதான் பெரிய செலவு. கப்பல் மருத்துவரின் கட்டணம் அமெரிக்க டாலரில் நம் அறைக் கணக்கில் ஏறும். நம் தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குச் செல்லாது. புயலால் துறைமுகங்கள் மூடியிருந்தால் நோயாளியைக் கரைக்குக் கொண்டுபோவதே பாடு. சாதாரணத் திட்டங்கள் ஏற்கெனவே இருக்கும் நோயை ஒதுக்கிவிடும், எழுபதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவ வரம்பையும் வெட்டிவிடும். அதோடு முடிவதில்லை. புறப்படும் முதல் நாள் அவருக்குச் சர்க்கரை ஏறி மருத்துவமனையில் சேர்த்தால், அது பழைய நோய் என்பதால் எங்கள் நால்வருடைய ரத்துக்கும் இழப்பீடு கிடைக்காத திட்டங்கள் பல. எம்எஸ்ஐஜி, இன்கம் போன்ற நிறுவனங்கள் பழைய நோய்களையும் சேர்த்துக்கொள்ளும் தனித் திட்டங்கள் வைத்திருக்கின்றன. இவை ஒற்றைப் பயணத் திட்டங்களாகவே வரும், விலையும் கூடத்தான். ஆக, மாமியார் கூட வந்தால் ஆண்டுத் திட்டம் ஆட்டத்திலிருந்தே விலகிவிடுகிறது. அவர் வராமல் நாங்கள் நால்வர் மட்டும் என்றால், ஏற்கெனவே உலகளாவிய ஆண்டுத் திட்டம் வைத்திருப்பவர் அதையே வைத்துக்கொண்டு போகலாம் என்பேன்.

கடைசியில் ஐவருக்கும் ஒரே நிறுவனத்தில் ஒற்றைப் பயணத் திட்டம், மாமியாருக்குப் பழைய நோயையும் சேர்த்தது, எல்லாருக்கும் கப்பல் பகுதியோடு. கப்பலுக்கு முன்பணம் கட்டிய அதே இரவு வாங்கினேன். ரத்துக்கான பாதுகாப்பு வாங்கிய நாளிலிருந்தே தொடங்குகிறது என்பதைத் தொலைபேசியில் கேட்டு, மின்னஞ்சலிலும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

விமானச் சீட்டில்தான் சகலைக்கும் எனக்கும் கொஞ்சம் இழுபறி. கப்பல் வெள்ளிக்கிழமை காலை மயாமி வந்துவிடும், அன்று மதியமே கிளம்பலாம் என்றார். நான் சனிக்கிழமை இரவுதான் போட்டேன். வீடு வந்துசேரத் திங்கள் ஆகிவிடும். சின்னவன் இப்போதே வகுப்பாசிரியரிடம் சொல்லிவைத்துவிட்டான்.