நான் பிறப்பதற்கு முன்பே நான் எழுதிய கட்டுரை

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பதவி உயர்வுக்கோ முனைவர் பட்டத்துக்கோ விண்ணப்பிக்கும் தாதியர், மருந்தாளுநர், விரிவுரையாளர் யாரேனும் இருந்தால் இதைக் கடைசி வரை படியுங்கள். எனக்கு 3,800 வெள்ளி போனது. அதைவிடப் பெரிய ஒன்றும் போனது.

நான் சுகாதாரத் துறையில் கற்பிப்பவள். செம்பனைத் தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களைப் பற்றியதே என் ஆய்வு. என் அம்மாவும் முதுகில் மருந்துத் தொட்டி சுமந்தவர்தான். பதவி உயர்வுப் படிவத்தில் எத்தனை கட்டுரை, பிறர் ஆய்வுகளில் அவற்றுக்கு எத்தனை மேற்கோள், இவ்விரண்டையும் சேர்த்து அளக்கும் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று மூன்று கட்டங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கோயில் திருவிழாக் கூட்டத்தில் உறவினர் ஒருவர் ஓர் 'ஆய்வு ஆலோசகரை' அறிமுகப்படுத்தினார். கடைவரிசையின் மேல்மாடியில் அலுவலகம், குளிரூட்டி, சுவர் நிறையச் சான்றிதழ்கள். "தங்கச்சி, உங்களை யாரும் சரியாக அளக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் முன்னேற வேண்டாமா?" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் கரைந்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் பளபளப்பான அறிக்கை வந்தது. கட்டுரைகள் 61, மேற்கோள்கள் 1,940, எச்-இண்டெக்ஸ் 23. நான் எழுதியதோ ஏழே கட்டுரைகள். கேட்டதற்கு, "உங்கள் பெயர் சிதறிக் கிடந்தது, சேர்த்துவிட்டோம்" என்றார். இதில் பாதி உண்மை இருந்ததுதான் வினை. நம் அடையாள அட்டையில் நம் பெயர், நடுவில் 'இன்னாரின் மகள்' என்பதற்கான மலாய்ச் சுருக்கம் 'ஏ/பி', பிறகு அப்பா பெயர். வெளிநாட்டுத் தரவுத்தளங்கள் கடைசிப் பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கின்றன. ஆகவே என் கட்டுரைகள் அப்பா பெயரில், என் முதலெழுத்தோடு நிற்கின்றன. அந்த 'ஏ/பி'யைக்கூட ஒன்றில் முதலெழுத்துகளாகப் போட்டிருந்தார்கள். பால்மரம் வெட்டிய என் அப்பாவின் பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு உண்டு. அதே பெயர், அதே முதலெழுத்து கொண்ட எல்லாருடைய உழைப்பையும் அள்ளி, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் என் பக்கத்தில் கொட்டியிருந்தார் அந்த மனிதர். அங்கே கட்டுரை சேர்ப்பது சில சொடுக்குகளில் முடிகிற வேலை.

பிடிபட்டது நேர்காணலில். குழுவில் இருந்த மூத்த மருத்துவர் குரல் உயர்த்தாமல் கேட்டார்: "1979இல் வந்த இந்த ஆட்டுக் கல்லீரல் கட்டுரையும் உங்களுடையதா, மிஸ்?" நான் பிறந்தது 1983இல்.

அன்றிரவு நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எச்-இண்டெக்ஸ் என்பது ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த அளவு. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் உள்ள கடைசிக் கட்டுரையின் வரிசை எண்தான் எச்-இண்டெக்ஸ். என்னுடையவை 31, 12, 6, 4, 3, 1, 0. நான்காவது கட்டுரைக்கு நான்கு மேற்கோள் இருக்கிறது, ஐந்தாவதற்கு ஐந்து இல்லை. ஆக, என் எண் 4. தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தில் அது 3தான். அங்கே தேர்ந்தெடுத்த இதழ்கள் போன்றவற்றில் வரும் மேற்கோள்களை மட்டுமே எண்ணுகிறார்கள். கூகுள் ஸ்காலர் பட்டப்படிப்பு ஆய்வேடுகளையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டில் எதைச் சொன்னாலும் பொய்யில்லை, எங்கிருந்து எடுத்தது என்று எழுதினால் போதும். ஏழு கட்டுரைக்கு 4 ஒன்றும் வெட்கப்படும் எண்ணில்லை என்று அந்த மருத்துவரே பிறகு சொன்னார்.

ரசீதை இப்போது பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆர்க்கிட் எண் வாங்கித் தர 350 வெள்ளி. ஆய்வாளரை அடையாளம் காட்டும் அந்தப் பதினாறு இலக்க எண்ணை 2012 முதல் இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஸ்கோபஸில் பெயர் திருத்த 600. அதுவும் இலவசம்தான், இணையத்தில் படிவம் இருக்கிறது. அறிக்கைக்கு 950. மீதி 1,900, புதுக் கட்டுரையை 'உயர்தர' இதழில் வெளியிட.

அந்த இதழ் நான்கே நாளில் ஏற்றுக்கொண்டது. மதிப்பாய்வாளர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்! அட்டையில் 'உலகத் தாக்க எண் 7.8' என்று போட்டிருந்தது. இதழின் தாக்க எண், அதாவது இம்பாக்ட் ஃபேக்டர், என்று ஆய்வுலகம் மதிப்பது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் எண்ணைத்தான். முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது அது. என் கட்டுரை வந்ததோ அந்த இதழின் முதல் வெளியீட்டில். வகுக்க முந்தைய கட்டுரை ஒன்றுகூடக் கிடையாது, 7.8 மட்டும் இருக்கிறது. ஐஎஸ்எஸ்என் எண்ணைக் காட்டியும் ஏமாற்றுவார்கள். அது இதழை அடையாளம் காட்டும் எண், தரச் சான்று அல்ல.

போனது பெரிது என்று நான் சொன்னது இந்தக் கட்டுரையைத்தான். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. அதற்கு முன் அதை அடித்த பெண்களை ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாகப் போய்ச் சந்தித்து எழுதியது. மூக்கில் ரத்தம் வடிந்ததைச் சொன்னார்கள். ஓர் அக்கா துண்டை விலக்கி, நகம் கழன்று கோணலாக வளர்ந்த விரல்களைக் காட்டினார். ஒருமுறை வெளிவந்த ஆய்வை நல்ல இதழ் எதுவும் மறுபடி வாங்காது. திரும்பப் பெறக் கேட்டால் 500 அமெரிக்க டாலர் கட்டச் சொல்கிறார்கள். "டீச்சர், எங்கள் கதை வந்துவிட்டதா?" என்று அந்த அக்கா சந்தையில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.

போலீஸில் புகார் கொடுத்துவிட்டேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்திலும் மனு போட்டிருக்கிறேன். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது மேல்மாடியில் பெயர்ப்பலகை மாறியிருந்தது. இப்போது 'முனைவர் பட்ட வழிகாட்டல்' என்று எழுதியிருக்கிறது. சன்னலோரம் அதே ஆள்தான் உட்கார்ந்திருந்தார்.