ஜியோஃபோனுக்கு எந்தக் கணித மாதிரி: பிளாக் வரைபடமா, சமானச் சுற்றா, பாண்ட் கிராஃபா?

காந்தப் புலத்துக்குள் ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு காயில். வெளிக்கூடு அதிரும்போது காயில் பின்தங்குகிறது. அந்தச் சார்பு வேகத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. ஜியோஃபோன் என்ற அதிர்வு உணரி இவ்வளவுதான். ஆனால் முனைகளுக்குக் குறுக்கே மின்தடை ஒன்றை இணைத்தால், காயிலில் ஓடும் மின்னோட்டம் காயிலின் அசைவையே எதிர்க்கத் தொடங்குகிறது. இந்த எதிர்விசையை எப்படிக் கையாள்கிறது என்பதை வைத்தே ஒரு மாதிரியை எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

அதன் அளவைப் பாருங்கள். இயல்பு அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ், அசையும் நிறை 11 கிராம், காயிலின் தடை 380 ஓம், உணர்திறன் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 28 வோல்ட், திறந்த சுற்றில் தணிப்பு விகிதம் (அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதன் அளவு) 0.25 என்று கொள்வோம். 1000 ஓம் சுமையை இணைத்ததும் தணிப்பு விகிதம் சுமார் 0.66 ஆகிவிடும். தணிப்பின் பெரும்பங்கு மின்பக்கத்திலிருந்து வருகிறது!

பிளாக் வரைபடம் என்பது சமிக்ஞை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போவதைக் காட்டும் படம். அதில் வேகத்தை மின்னழுத்தமாக்க ஒரு கட்டம், மின்னோட்டத்தை விசையாக்க வேறொரு கட்டம். இரண்டிலும் இருக்க வேண்டியது ஒரே மாறிலி. ஒன்றில் 28, மற்றதில் 26 என்று எழுதினாலும் படம் தடுக்காது. ஆற்றல் கணக்கு சத்தமில்லாமல் உடையும். உணரி முடிவாகிவிட்டது, இனி வடிகட்டி மட்டும் வடிவமைக்க வேண்டும் என்றால் இதுவே போதும்.

இயந்திரப் பகுதிகளையும் மின்கூறுகளாக வரையும் சமானச் சுற்று இதைவிட நேர்மையானது. பெருக்கியையும் அதன் இரைச்சலையும் ஸ்பைஸ் மென்பொருளில் ஒரே சுற்றாக ஆராயலாம். சிக்கல் ஒப்புமையைத் தேர்வதில். விசையை மின்னழுத்தமாகக் கொண்டால் நிறை மின்தூண்டியாகிறது, காயில் இணைப்புக்குக் கைரேட்டர் (ஒரு பக்கத்தின் மின்னோட்டத்தை மறுபக்கத்தின் மின்னழுத்தமாக்கும் கூறு) தேவை. விசையை மின்னோட்டமாகக் கொண்டால் நிறை மின்தேக்கியாகிறது, இணைப்பு வெறும் மின்மாற்றி. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பீசோ உணரிக்கு வந்தால் இது தலைகீழாகிவிடும்.

ஹென்றி பேய்ன்டர் 1959இல் எம்.ஐ.டி.யில் உருவாக்கிய பாண்ட் கிராஃபில் ஒவ்வொரு இணைப்புக்கோடும் திறனையே சுமக்கிறது: இயந்திரப் பக்கம் விசையும் வேகமும், மின்பக்கம் மின்னழுத்தமும் மின்னோட்டமும். நடுவே ஒரே கைரேட்டர், ஒரே மாறிலி. 28-26 குளறுபடிக்கு அங்கே இடமே இல்லை. காயில் ஓரத்துக்குப் போகும்போது புலம் வலுவிழந்தால் மாறிலியை இடப்பெயர்ச்சியின் சார்பாக எழுதலாம். திறன் சமநிலை குலையாது.

எனக்கு மிகவும் பிடித்தது காரணக் கோடுகள். ஒவ்வொரு இணைப்பின் முனையிலும் இடும் அந்தச் சிறு குறுக்குக்கோடு, எது எதைத் தீர்மானிக்கிறது என்று காட்டும். காயிலின் மின்தூண்டலைப் புறக்கணித்துப் பாருங்கள்: காயில் தடையும் சுமைத் தடையும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும். இப்படி ஒன்றுக்கு மற்றது தேவைப்படும் இயற்கணிதச் சுழல் இருக்கிறது என்பது சமன்பாடு எழுதும் முன்பே தெரிந்துவிடும். உணரியின் கூட்டை ஒரு தகட்டில் இறுக்கமாக ஒட்டினால், கூட்டின் நிறை தனி நிலைமாறியாக (அமைப்பின் நிலையைச் சொல்லத் தேவையான மாறியாக) நிற்காது. தகட்டின் நிறையோடு சேரும். மெல்லிய தகட்டில் உணரியே அளவீட்டை மாற்றிவிடும் என்பதற்கு இது முன்னெச்சரிக்கை.

குறை இல்லாமல் இல்லை. குறியீடுகள் பழகச் சில நாள்கள் பிடிக்கும். படத்தைக் காட்டினால் சுற்று வடிவமைப்பாளர் பலர் விழிப்பார்கள். அதனால் பாண்ட் கிராஃபில் மாதிரியை அமைத்துச் சரிபார்த்து, பெருக்கியை வடிவமைப்பவருக்குச் சமானச் சுற்றாக மாற்றிக் கொடுப்பதையே பரிந்துரைப்பேன்.