34 டாலர் ஸ்பின்னர் கிட்: கம்பி அருமை, கிளெவிஸ் மோசம்

டெக்சாஸின் லானோ ஆற்றில் தூண்டில் போடுபவர்களுக்கு அந்தக் கருங்கல் பாறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்டினிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போய், முதல் அரை மணிக்குள் இரண்டு ஸ்பின்னரை (தூண்டிலில் கட்டும், தகடு சுழலும் செயற்கை இரை) பாறை இடுக்கில் பறிகொடுத்த சனிக்கிழமைகள் எனக்கு நிறைய. ஒன்று 5, 6 டாலர். போன அக்டோபரில் ஒரே காலையில் நான்கு போயின. அன்று இரவே, வீட்டிலேயே ஸ்பின்னர் செய்துகொள்ளும் இந்த கிட்டை ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். விலை 34 டாலர், 25 ஸ்பின்னர் செய்யலாம் என்று போட்டிருந்தது. இதுவரை பத்தொன்பது செய்திருக்கிறேன்.

இன்லைன் ஸ்பின்னர் என்பது நேரான ஒரு கம்பி. மேலே தூண்டில் நரம்பு கட்ட ஒரு வளையம், கீழே முள். நடுவில் பித்தளை உடலும் மணிகளும். அவற்றுக்கு மேல் கிளெவிஸ் என்ற குட்டி இணைப்பு, அதில் கரண்டி போலக் குழிந்த பிளேடு தொங்கும். இழுக்கும்போது பிளேடு கம்பியைச் சுற்றிச் சுழல, அந்த மினுக்கும் அதிர்வும் பாஸ் மீனைக் கூப்பிடும். கடையில் அதிகம் கிடைப்பது மெப்ஸ் என்ற பிராண்ட். 1938-இல் பிரான்சில் பிறந்தது, இப்போது விஸ்கான்சினில் ஆன்டிகோ என்ற ஊரிலிருந்து வருகிறது. முள்ளில் கட்டுவதற்கு வேட்டைக்காரர்களிடம் அணில் வால் வாங்குகிறார்கள். நான் இன்னும் மெப்ஸ் வாங்குகிறேன், குறை ஒன்றும் இல்லை. பாறையில் விடத்தான் மனசு வரவில்லை.

கிட்டில் மிக நல்ல பொருள் கம்பிதான். 0.031 இஞ்ச் ஸ்டெயின்லெஸ், வில் போல விறைப்பானது. வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் கொஞ்சம் திரும்பி நிமிரும், அதனால் வேண்டியதைவிடக் கூடுதலாக வளைக்க வேண்டும். மேசை விளிம்பில் பொருத்தும் சிறு வளைப்பான் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். அதன் ஆணியில் கம்பியைச் சுற்றி வட்டம் வந்ததும், வால் பக்கத்தைத் தண்டின் மேல் நெருக்கமாக மூன்று சுற்று சுற்றி, மிச்சத்தை ஒட்ட நறுக்க வேண்டும். நறுக்கும் துண்டு எங்கே பறக்கும் என்று தெரியாது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வளையம் தண்டுக்கு நேர் நடுவில் உட்கார வேண்டும். வளைப்பான் அதை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் தருகிறது. நான் என் மனைவி நகை கோக்க வைத்திருக்கும் வட்டமூக்குக் குறட்டால் கழுத்தை ஒரு சின்னத் திருகு திருகி நடுவுக்குக் கொண்டு வருகிறேன். அதைச் செய்யாமல் விட்ட முதல் மூன்றும் தண்ணீரில் தள்ளாடிக்கொண்டே வந்தன.

அப்புறம் கிளெவிஸ். இங்கேதான் எனக்குக் கோபம். தகட்டை மடித்துச் செய்த வகை, துளை விளிம்பு முழுக்கப் பிசிறு. வேகமாக இழுத்தால் பிளேடு சுற்றுகிறது, மெதுவாக இழுத்தால் கம்பியோடு ஒட்டிக்கொண்டு சும்மா வருகிறது. குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக இழுப்பதற்குத்தானே ஸ்பின்னர்? இரண்டு வாரம் பிளேடு மேல் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஒரு கிளெவிஸைக் கழற்றி விரல் நகத்தால் துளையைத் தடவியபோது பிசிறு தட்டுப்பட்டது. சிறு அரத்தால் ராவினால் பாதி சரியாகும். லாட வடிவக் கிளெவிஸைத் தனியாக வாங்கி, அதற்குக் கீழே வழவழப்பான சின்னக் கண்ணாடி மணி ஒன்றைக் கோத்தால் முழுதும் சரியாகும். மணி உருண்டையாக இருப்பதால் கிளெவிஸ் அதன் மேல் கொஞ்ச இடத்தில்தான் உரசும், மெல்லிய இழுப்புக்கே பிளேடு எழும். மணி என் மனைவியின் பெட்டியிலிருந்துதான். கிளெவிஸுக்கும் மேல் வளையத்துக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் விட மறக்காதீர்கள்.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் வைத்திருக்கிறேன் என்றால், ஒரு மடுவுக்காக. லானோவில் நான் போகும் இடத்தில் இடுப்பளவு ஆழம், நல்ல இழுவை. கடை ஸ்பின்னரில் 1/8 அவுன்ஸ் அங்கே மேலேயே மிதந்து போகும். 1/4 அவுன்ஸ் வாங்கினால் அதற்கேற்ப பெரிய பிளேடு போட்டிருப்பார்கள், பெரிய பிளேடு தண்ணீரில் ஸ்பின்னரை மேலே தூக்கும். எனக்கு வேண்டியது கனமான உடலும் சின்ன பிளேடும். சொந்தமாகச் செய்யும்போது அதைக் கோக்க ஐந்து நிமிடம் போதும்: 1/4 அவுன்ஸ் பித்தளை உடல், 2-ஆம் எண் பிளேடு. மார்ச்சில் அதைப் பாறைக்கு மேல்பக்கம் வீசி, நீரோட்டத்தோடு இறங்கவிட்டு இழுத்தேன். பாறைக்குப் பின்னால் ஓட்டம் தணியும் இடத்தில் அடித்தது, பன்னிரண்டு இஞ்ச் குவாடலூப் பாஸ். விலாவில் பச்சைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். டெக்சாஸ் ஆறுகளுக்கே உரிய மீன், 1989 முதல் மாநில மீனும் அதுதான். “அப்பா, இது நம்ம செஞ்சதா?” என்று என் மகள் மூன்று தடவை கேட்டாள். அந்த ஸ்பின்னரின் சிவப்பு மணி அவள் எடுத்துக் கொடுத்தது. மீனை விட்டுவிட்டோம்.

முட்கள் கூர்மையாகத்தான் இருக்கின்றன. ஆனால் மும்முனை முள் பாறையில் அதிகம் மாட்டுகிறது, நான் ஒற்றை முள்ளுக்கு மாறி அதன் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிட்டேன். சாயம் போட்ட இறகு இரண்டே பயணத்தில் உதிர்ந்தது. நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் தானே சுழலும் குட்டி இணைப்பான ஸ்விவல் கிட்டில் இல்லவே இல்லை. ஸ்பின்னர் நரம்பை முறுக்கும், ஒன்றரை அடி மேலே ஒரு ஸ்விவல் கட்டாவிட்டால் மதியத்துக்குள் ரீல் சிக்கலாகிவிடும்.

முதல் தடவை செய்பவர்கள் இந்த கிட்டை வாங்கலாம், கூடவே ஒரு பாக்கெட் லாடக் கிளெவிஸும் ஆர்டர் செய்துவிடுங்கள். நான் மறுபடி கிட் வாங்கப்போவதில்லை. வளைப்பான் இருக்கிறது. கம்பி, 1/4 அவுன்ஸ் உடல், 2-ஆம் எண் பித்தளை பிளேடு மூன்றையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறது.