உதகைத் தடகள முகாம்: பயிற்சியில் குறையில்லை, புகார் சொல்லத்தான் வழியில்லை

உதகமண்டலத்தில் கல்லூரித் தடகள அணிகளுக்காகத் தனியார் ஒருவர் கோடையில் நடத்தும் தங்கிப் பயிலும் முகாமுக்கு, எங்கள் கல்லூரி மாணவ மாணவியரை இந்த ஆண்டு அழைத்துச் சென்றிருந்தேன். முகாமின் பெயரை எழுதப் போவதில்லை. இங்கே நான் சுட்டும் குறை சமவெளியிலும் பல பயிற்சி மையங்களில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே எந்தத் தீங்கும் நேரவில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பயிற்சியைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் மூச்சு பழகும்வரை மெல்லோட்டத்துக்கு மேல் எதையும் அனுமதிக்காமல், பிறகுதான் வேகப் பயிற்சிக்குப் போனார்கள். காலைக் குளிரில் தசை சூடேறும் முன் ஸ்பைக்ஸ் எனப்படும் ஆணிக் காலணிகளை அணிய விடவில்லை. சாப்பாடு எளிமையானது, ஆனால் சூடானது. கட்டணமும் நியாயம்தான். பயிற்சியாளர் எவரும் மாணவியருக்குத் தனியாகச் செய்தி அனுப்பக்கூடாது, கல்லூரி ஆசிரியர் இருக்கும் குழுவில்தான் எதையும் தெரிவிக்க வேண்டும் என்றொரு விதியை வைத்திருக்கிறார்கள். அதைக் கடைப்பிடிக்கவும் செய்கிறார்கள். இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

உணவுக்கூடத்தின் கைகழுவும் தொட்டிக்கு மேலே, பிளாஸ்டிக் உறையிட்ட அறிவிப்பு ஒன்று தொங்குகிறது. பாலியல் தொல்லை பற்றிய புகார்களை மாணவியர் தலைமைப் பயிற்சியாளரிடம் தெரிவிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. கீழே ஒரே ஒரு கைப்பேசி எண். அது அவருடைய அலுவலக எண். முகாமின் உரிமையாளரும் அவரே. எங்கள் தடை ஓட்ட மாணவி ஒருத்தி அதை நின்று படித்துவிட்டு, “மேடம், சார் மேலயே கம்ப்ளைன்ட்னா அதை சார்கிட்டயேவா குடுக்கணும்?” என்று கேட்டாள். அந்த முகாமைப் பற்றிக் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

கல்லூரி விளையாட்டில் ஒரு பயிற்சியாளரின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது வெளியே இருப்பவர்களுக்கு எளிதில் புரியாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் பெற்ற பிள்ளைக்கு விடுதிச் சலுகை, வருகைப் பதிவில் விலக்கு, பல்கலைக்கழக அணியில் இடம் எல்லாமே அவருடைய ஒரு சொல்லில் தொங்குகின்றன. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடினால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கேட்பதற்கான ‘மூன்றாம் படிவம்’ என்ற சான்றிதழ் கிடைக்கும். அணியில் பெயர் விடுபட்டால் அந்த வாய்ப்பே போய்விடும். அணியைத் தேர்ந்தெடுப்பவரே புகாரையும் கேட்பார் என்றால், எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடந்தவை இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் லாரி நாசர் மீது 2014இல் முறையான புகார் வந்தது. பல்கலைக்கழகமே விசாரித்தது, கருத்துக் கேட்கப்பட்ட மருத்துவ வல்லுநர்களும் அதே பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்கள். தவறு இல்லை என்று முடிவாகி அவர் பணிக்குத் திரும்பினார், 2016இல்தான் கைதானார். 2018இல் அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 50 கோடி டாலர் இழப்பீடு தரப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அணி மருத்துவராக இருந்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் குறைந்தது 177 மாணவர்களிடம் அத்துமீறினார் என்று 2019இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அவர்கள் அனைவரும் ஆண்கள். பயிற்சியாளர்கள் பலருக்கு அந்தச் செய்தி அப்போதே தெரிந்திருந்தது.

நம் ஊரும் இதற்கு விலக்கல்ல. 2021 மே மாதம் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைது செய்யப்பட்டார். 2022இல் வெளிநாட்டுப் பயிற்சிக்குச் சென்ற சைக்கிள் பந்தய வீராங்கனை தம் பயிற்சியாளர் மீது புகார் கொடுத்த பிறகே, வீராங்கனைகள் செல்லும் அணிகளோடு பெண் பயிற்சியாளர் ஒருவர் உடன் செல்ல வேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையம் உத்தரவிட்டது. 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் தில்லித் தெருவில் அமர வேண்டி வந்ததையும் நாம் பார்த்தோம்.

சட்டத்தில் இதற்கு வழியில்லாமல் இல்லை. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், தங்கிப் பயிலும் விளையாட்டு நிறுவனங்களையும் மைதானங்களையும் பணியிடம் என்றே வரையறுக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், பெண் ஒருவர் தலைமையில், வெளி உறுப்பினர் ஒருவரும் அமர்ந்த குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனமானாலும், புகாரே உரிமையாளர் மீதானாலும், மாவட்ட அளவில் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவை அணுகலாம். நான் பார்த்த முகாம் இந்த இரண்டாவது வகையில் வருகிறது. மாவட்டத் தலைநகரிலேயே முகாம் நடத்துபவர், அந்தக் குழுவின் எண்ணை அறிவிப்பில் ஒரு வரியாகச் சேர்ப்பதற்கு என்ன தடை?

தசைப்பிடிப்பு, காயங்களுக்குச் சிகிச்சை தரும் ஃபிசியோவின் அறை விடுதியின் பின்பக்கம் இருந்தது. கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். மாலையில் மூடுபனி இறங்கிவிட்டால் அங்கே யார் போகிறார், வருகிறார் என்பது விடுதி வராந்தாவிலிருந்து தெரியாது. நான் சொன்ன அன்று மாலையே தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, மாணவி எவரும் துணையின்றி உள்ளே வரக்கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். அவ்வளவு விரைவாகச் செய்தது அவர்களுக்குப் பெருமை. மாணவர்களுக்கும் அதே விதி வேண்டும் என்றபோது மட்டும், “பசங்களுக்கு எதுக்கு மேடம்?” என்று ஃபிசியோ உண்மையிலேயே வியப்போடு கேட்டார். ஓஹியோவைப் பற்றி அவரிடம் சொன்னேன், அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் மாணவர்களையும் மூன்றாம் பாலினத்தவரையும் கருத்தில் கொள்கின்றன. ஆகவே கல்லூரிகள் தம் விதிகளை முகாமுக்கும் கொண்டு செல்ல வேண்டும். முதலாமாண்டு மாணவர்களில் 18 வயது நிறையாதவர்களும் உண்டு. அவர்கள் விஷயத்தில், குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். முகாமின் உதவியாளர்களில் நான் பேசியவர் எவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் இவற்றை எழுதி அனுப்பினேன். மாணவர்களையும் சேர்த்து விதியைத் திருத்துவதாகப் பதில் வந்தது. உள்ளூர்க் குழுவின் எண்ணைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மீண்டும் எழுதியும் பதில் வரவில்லை. அந்த வரி அறிவிப்பில் ஏறும்வரை எங்கள் அணியை அங்கே அனுப்புவதில்லை என்று கல்லூரியில் முடிவு செய்திருக்கிறோம். அடுத்த கோடையில் உதகையிலேயே உள்ள எச்.ஏ.டி.பி. மைதானத்துக்கு அனுமதி கேட்டு, எங்கள் வார்டனோடு தனியே தங்கிப் பயிற்சி செய்யத் திட்டமிட்டிருக்கிறோம். செலவு கூடும், பயிற்சியின் தரமும் சற்றுக் குறையலாம். அந்த முகாமுக்குப் போக நினைக்கும் மற்றக் கல்லூரிகள், முன்பணம் கட்டும் முன், தலைமைப் பயிற்சியாளர் மீதே புகார் வந்தால் அதை யார் விசாரிப்பார் என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.